டிகாக்ஷனும் பிரௌனியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவர், வரலாறு பேசுவர், நாட்டு நடப்பை ஆராய்வர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகமொன்றில் சரக்குக் கணக்கு எழுதிக் காலங்கழிக்கும் நமக்கு அவை கைவரா. ஆதலால், “பதினைந்து நிமிடம் ஏதேனும் பேசுங்கள்” என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, நாம் நேரிற் கண்டு, கையைச் சுட்டுக்கொண்டு கற்ற ஒன்றைப் பற்றிப் பேசுவதே தகும் எனத் துணிந்தோம். அது காப்பி கலந்த சாக்லேட் பிரௌனியை வீட்டில் சுட்டெடுக்கும் செய்தி.

சிலர் நகைப்பது தெரிகிறது. நகைக்கலாம். ஆனால் இப்பேச்சின் நடுவே நம் அன்னையாரைப் பற்றியும் சில சொல்ல நேரும். அவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய இசைவு பெற்றே சொல்லுகின்றோம்.

முதலில், பிரௌனி என்பது யாது? பெரியோர் சிலர் அதனைக் கண்டிருக்க மாட்டார்கள். அது கேக்கைப் போல உப்பி எழுவதன்று. பர்பியைப் போல இறுகி உறைவதுமன்று. இரண்டிற்கும் இடைப்பட்டது. மேலே மெல்லிய ஏடு படிந்து வெடித்திருக்கும். உள்ளே ஈரப்பசையுடன் நாவிற் கரையும். நிறம் கருமை கலந்த பழுப்பு. பழுப்பு நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டியே அதன் பெயரும் அமைந்தது. அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1893ஆம் ஆண்டு நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த பெண்டிர்க்கென, கையிலெடுத்து உண்ணத்தக்க சிறு இனிப்பு ஒன்றை அந்நகரின் பால்மர் ஹவுஸ் ஓட்டலார் ஆக்கித் தந்ததே இதன் தொடக்கம் என்று கூறுவர். பாஸ்டன் நகரத்துப் பானி பார்மர் அம்மையார் தம் சமையல் நூலின் 1906ஆம் ஆண்டுப் பதிப்பில் சாக்லேட் பிரௌனியின் செய்முறையை எழுதியிருக்கிறார். நம் மும்பையில் இதற்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது, 2004இல் கொலாபாவில் தொடங்கப்பட்ட ‘தியோபுரோமா’ என்னும் கடை. அப்பெயர் கோக்கோ மரத்தின் தாவரப் பெயர். லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753இல் இட்ட அப்பெயருக்குத் ‘தேவர் உணவு’ என்பது பொருள்.

கோக்கோ நமக்கு அயலானது என்று எண்ணிவிட வேண்டா. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில், தென்னையின் நிழலிலேயே கோக்கோ விளைகிறது. காயைப் பிளந்து, வெண்சதையோடு கூடிய விதைகளைக் குவித்துச் சில நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து அரைத்தால் சாக்லேட்டின் மணம் பிறக்கிறது. காப்பியும் அப்படியே. அதுவும் விதைதான், வறுத்த பின்னரே அதற்கு மணம். பாபா பூடன் என்னும் முஸ்லிம் பெரியார், பதினேழாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. வந்த நாளில் காப்பியும் ஒரு வேற்றூர்ச் சரக்கே. அதனைத் தமிழர் தமதாக்கிக்கொண்ட வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை.

நாம் வாழும் சயானைப் பாருங்கள். ‘ஷீவ்’ என்னும் மராட்டிச் சொல்லின் திரிபே சயான். அதற்கு ‘எல்லை’ என்பது பொருள். மேற்கே தாராவி, தெற்கே மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். எத்திசையிற் சென்றாலும் தமிழர் குடியிருப்பு; எத்திசையிற் சென்றாலும் காப்பி. இந்தியா காபி ஹவுஸ் முதன்முதல் திறக்கப்பட்டதும் இந்நகரிலேதான், 1936இல் சர்ச்கேட்டில். மாட்டுங்காவில் மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இலும், கபே மெட்ராஸ் 1940இலும், இராம நாயக்கின் உடுப்பி போஜனசாலை 1942இலும் தோன்றின. காப்பித்தூள் வாங்குவோர்க்கு மைசூர் கன்சர்ன்ஸ், பிலிப்ஸ் முதலிய மாட்டுங்காக் கடைகள் உண்டு. “பீபெரி எவ்வளவு? சிக்கரி எவ்வளவு?” என்று கேட்டு, கண்முன்னே அரைத்துப் பொட்டலங் கட்டுவார்கள். அப்பொட்டலத்தின் இளஞ்சூடு கைக்குத் தெரியும்.

நம் தந்தையார் தாமிரபரணிக் கரையிலிருந்து இந்நகருக்குப் பிழைக்க வந்தவர். அவரும் இரயில்வே ஊழியரே. ஊதியம் வந்த நாளன்று முதற்செலவு காப்பித்தூள், பிறகே மற்றவை. விடியலில் அன்னையார் பித்தளைப் பில்டரில் கொதிநீர் ஊற்றும் ஓசை கேட்டே நாம் கண்விழிப்போம். நம் வீட்டில் அந்த நாளில் கடிகாரம் இல்லாத குறை தெரிந்ததில்லை.

அன்னையார்க்கு அடுமனைப் பழக்கமும் புதிதன்று. தீபாவளி நெருங்கினால், மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் சுமந்துகொண்டு, நம்மையும் உடனழைத்துத் தெருமுனைப் பேக்கரிக்குப் போவார்கள். அங்கே அவற்றைப் பிசைந்து உருட்டித் தகரத் தட்டில் அடுக்கினால், பேக்கரிக்காரர் தம் விறகடுப்பில் வைத்து நான்கட்டாய் சுட்டுத் தருவார். கூலி கிலோக் கணக்கில். குஜராத்தியரும் மராட்டியரும் முஸ்லிம்களும் தமிழரும் வரிசையில் நின்று, “என் தட்டு எது, உன் தட்டு எது” என வழக்காடிய காட்சியை இங்கிருப்போர் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி, கதைக்கு வருவோம். 2020 மார்ச்சு 22ஆம் நாள் நள்ளிரவோடு மும்பைப் புறநகர் வண்டிகள் நின்றன. நாம் அறிந்தவரை அப்படி ஒரு நாள் வந்ததில்லை. சரக்கு வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. ஆகவே நமக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பணி இருந்தது. பள்ளி மூடப்பட்டதால் நம் மகள் வீட்டில் இருந்தாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. பொழுது போகாமல் அவள் கற்றதுதான் இந்தப் பிரௌனி.

வீட்டில் அடுமனை அடுப்பு இல்லை. “ஒரு அவன் இருந்தால் நன்றாயிருக்கும்” என்று அவள் சொல்ல, அன்னையார் திடுக்கிட்டு, “எவன்டி அவன்?” என்று கேட்டார்கள். அது மின்சார அடுப்பின் பெயர் என்று விளக்கும்வரை வீட்டில் அமைதி இல்லை. பிறகு பழைய பிரஷர் குக்கரே அடுப்பாயிற்று. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் நீக்கி, அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, நீர் விடாமற் சுடுவது. மின் அடுப்பு அடுத்த ஆண்டுதான் வந்தது.

நம் வீடு முட்டை புழங்காத வீடு. மகள் முட்டை வேண்டுமென்றாள், அன்னையார் கூடாதென்றார்கள். இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் நம் இல்லாள் கெட்டித் தயிரைக் கொண்டு நடுவழி கண்டாள். அதன்பின் பாட்டியும் பேத்தியும் மீண்டும் பேசினர்.

அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரலில், அன்னையார்க்குக் கொரோனா கண்டது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து, பிழைத்து வீடு வந்தார்கள். வந்தவர்கள் பில்டரைத் திறந்து முகர்ந்தார்கள், மூடிவிட்டார்கள். மணம் தெரியவில்லை. இது அந்நோயின் இயல்பு, நாளடைவில் சரியாகும் என்று மருத்துவர் கூறினார். இரண்டு திங்கள் சென்றன. மணம் திரும்பியது, ஆனால் மாறித் திரும்பியது. காப்பியை முகத்தருகே கொண்டு சென்றால், இரப்பர் தீய்வது போல நாறுகிறது என்றார்கள். வெங்காயம் வதக்கினால் எழுந்து வெளியே போனார்கள்.

அன்பர்களே, இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றைச் சபை நடுவே ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் அவர்களை நம்பவில்லை. ‘காப்பி எங்கேனும் நாறுமா? நோய்ப்பட்ட உடம்பின் சலிப்பு இது’ என்று எண்ணினோம். நாள்தோறும் நாமே காப்பி கலந்து கொடுத்தோம். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, நாம் அலுவலகம் புறப்பட்ட பின் தொட்டியில் ஊற்றினார்கள். ஒருநாள் அதனைக் கண்டு கடிந்து பேசினோம். “பால் விற்கும் விலையில் இப்படிக் கொட்டலாமா?” என்று கேட்டுவிட்டோம். அவர்கள் மறுமொழி கூறவில்லை. மறுநாள் பில்டர் பரண்மேல் ஏறியிருந்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கம் அவர்களை விட்டுப் போயிற்று. அதை நாம் பிடிவாதம் என்றோம். அந்நோய் கண்டு மீண்டவர்களிற் பலர்க்கு இவ்வாறு மணம் திரிந்து தோன்றும் என்பதும், காப்பியும் சாக்லேட்டும் வெங்காயமும் வறுத்தனவுமே அவர்களைப் பெரிதும் வருத்துவன என்பதும் பின்னரே நமக்குத் தெரிய வந்தன. சொன்னவள் நம் மகள். பதின்மூன்று வயதுப் பெண் படித்துச் சொல்ல, நாற்பதைக் கடந்த நாம் தலைகுனிந்து கேட்டோம்.

அவளே இன்னொன்றும் சொன்னாள். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றை அறிவது நாக்கு. மணத்தை அறிவது மூக்கு. ஆச்சிக்குக் கெட்டது மூக்கு, நாக்கு அன்று. சூடான பொருளிலிருந்து ஆவி எழுவதால் மணம் மிகும். ஆறிய பொருளில் மணம் அடங்கும். ஆகவே காப்பியை ஆவி பறக்கக் கொடாமல், பிரௌனியிற் கலந்து, குளிரவைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். அந்த யோசனை அவளுடையது. அதைக் கெடுத்தது நாம்.

அவள் இன்ஸ்டன்ட் காப்பித்தூள் போதும் என்றாள். நாம் உடன்படவில்லை. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகக் காப்பி வாங்கும் குடும்பத்தில் புட்டித்தூளா என்று கேட்டு, பில்டரைப் பரணிலிருந்து இறக்கி, ஒரு தம்ளர் டிகாக்ஷனை மாவிற் கொட்டினோம். மாவு கூழாயிற்று. சுட்டபின் நடுவே குழி விழுந்து, ஓரம் காய்ந்து, நடு வேகாமற் கிடந்தது. அடுத்த முறை, நீரே வேண்டாமென்று காப்பித்தூளை அப்படியே கலந்தோம். பில்டர்த்தூள் கரையாது என்பதை மறந்தோம். பல்லில் மணல் கடிபட்டது. மூன்றாம் முறை டிகாக்ஷனைச் சுண்டக் காய்ச்சினோம். மணம் ஆவியாய்ப் போய், தீய்ந்த கசப்பே எஞ்சியது.

மைதா சரியில்லை என்று நாம் முணுமுணுத்தோம். கூடத்திலிருந்த அன்னையார், “தண்ணீரை நீ கொட்டிவிட்டு மாவை ஏன் குறை சொல்கிறாய்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள். பல வாரங்களுக்குப் பின் அன்றுதான் அடுக்களைக்குள் அவர்கள் காலடி பட்டது.

பேத்தி கேட்டாள்: “உங்களுக்குத்தான் மணம் தெரியாதே ஆச்சி, பதம் எப்படிப் பார்ப்பீர்கள்?”

“கண் இருக்கிறது, காது இருக்கிறது. நீ தூளைப் போடு.”

அன்னையார் காட்டிய முறை இது. மேற்கிண்ணத்தில் 30 கிராம் தூளை இட்டு, லேசாக அழுத்தி, 90 மில்லி கொதிநீரை மட்டும் சிறுகச் சிறுக வட்டமாக ஊற்ற வேண்டும். தூள் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீரைத் தன்னகத்தே பிடித்துக்கொள்ளும். கீழே இறங்குவது 30 மில்லிக்கு மேல் இராது. ஆனால் அதுவே முதல் டிகாக்ஷன், சாரம் மிக்கது. காய்ச்சிச் சுண்டுவதால் வருவது கெட்டியன்று. நீரைக் குறைத்தலே கெட்டிக்கு வழி. அவர்கள் பில்டரின் பக்கத்தில் காதை வைத்து, சொட்டு விழும் இடைவெளியைக் கேட்டார்கள். விரைந்து விழுந்தால் தூள் பெருவெட்டு என்றும், விழாமல் நின்றால் அழுத்தம் மிகுதி என்றும் சொன்னார்கள். பேத்தி பக்கத்தில் நின்று ஒன்றொன்றாய் எண்ணினாள்.

தூளைப் பற்றியும் ஒரு சொல். நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி கலந்த தூள் இதற்கு ஏற்றது. சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கை வறுத்துப் பொடித்தது. அதில் காபீன் என்னும் சத்து இல்லை. ஆனால் டிகாக்ஷனுக்குக் கருமையும் கனமும் தருவது அதுவே. பிரௌனிக்கு இரண்டும் வேண்டுவன. சட்டப்படி கலவைத்தூளில் காப்பி நூற்றுக்கு 51 பங்கிற்குக் குறையலாகாது. பொட்டலத்தின்மேல் அளவு அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குக.

இப்போது செய்முறையை முழுமையாகச் சொல்லுகின்றோம். தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம், ஆடவரும் குறித்துக்கொண்டால் மகிழ்வோம்.

வெண்ணெய் 100 கிராம், இனிப்புக் குறைந்த கருஞ்சாக்லேட் 150 கிராம் ஆகியவற்றை ஒரு கிண்ணத்திலிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்குக. நேரே தீயிற் காட்டினால் சாக்லேட் கருகிக் கட்டிபடும். இறக்கி, பொடித்த சர்க்கரை 175 கிராம் சேர்த்து நன்றாகக் கலக்குக. சர்க்கரை எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு நன்றாக மேலே ஏடு படியும். கைபொறுக்கும் சூட்டிற்கு ஆறியபின், புளிக்காத கெட்டித் தயிர் 150 கிராம், முன் சொன்ன டிகாக்ஷன் 30 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை சேர்க்க. முட்டை கொள்வோர் தயிருக்கு மாறாக இரண்டு முட்டை சேர்க்கலாம். பின்னர் மைதா 125 கிராம், கோக்கோத்தூள் 40 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி மூன்றையும் சலித்துப் போட்டு, மாவின் வெண்மை மறையும்வரை மட்டும் கிளறுக. பரோட்டாவுக்குப் பிசைவது போலப் பிசைந்தால் மைதாவில் இழுவை ஏறி, பிரௌனி இரப்பராகும்.

எட்டங்குலச் சதுரத் தட்டில் வெண்ணெய் தடவி, காகிதம் விரித்து ஊற்றுக. முன்னரே சூடேற்றிய அடுப்பில் 180 பாகையில் 25 முதல் 30 நிமிடம் வைக்க. குக்கரில் ஆயின், அதனுள் அடங்கும் வட்டத் தட்டில், சிறு தீயில் முக்கால் மணி நேரம் ஆகும். பல்குத்தும் குச்சியை நடுவே குத்தி எடுத்தால், அதில் ஈரத் துகள்கள் சில ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றும் ஒட்டாவிடில் பதம் கடந்தது. கூழாய் ஒட்டினால் பதம் வரவில்லை. முழுதும் ஆறிய பின்னரே வெட்டுக. சூட்டில் வெட்டி நொறுக்கிவிட்டு நம்மைக் குறை கூறலாகாது. பதினாறு துண்டுகள் கிடைக்கும்.

பில்டர் இல்லாதார் இன்ஸ்டன்ட் தூள் இரண்டு தேக்கரண்டியை ஒரு மேசைக்கரண்டி வெந்நீரிற் கரைத்துச் சேர்க்கலாம். நன்றாகவே வரும். மகள் முதலிற் சொன்னது இதுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகின்றோம்.

இவ்வளவு காப்பி சேர்த்தும், உண்பவர்க்குக் காப்பி தனித்துத் தோன்றாது. சாக்லேட்டின் சுவையே ஆழ்ந்து தோன்றும். இரண்டும் வறுத்த விதைகள்; வறுக்குங்கால் பிறக்கும் மணப்பொருள்கள் பல இரண்டிற்கும் பொது. அன்றியும் காப்பியின் கசப்பு, சர்க்கரையின் திகட்டலை அடக்குகிறது. பாயசத்தில் சிட்டிகை உப்பிடும் நம் வீட்டு வழக்கம் போன்றதே இதுவும். இட்டது தெரியாது, இடாவிட்டால் தெரியும்.

நான்காம் முறை சுட்ட பிரௌனி சரியாக வந்தது. இரவு முழுதும் குளிர்ப்பெட்டியில் இருந்தது. மறுநாட் காலை மகள் ஒரு துண்டைத் தட்டில் வைத்துப் பாட்டியிடம் கொடுத்தாள். அன்னையார் முகர்ந்து பார்க்கவில்லை, அஞ்சினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தில் சிறிது கடித்து, நெடுநேரம் மென்றார்கள்.

“கசக்கிறது,” என்றார்கள்.

இதுவும் வீணாயிற்றே என்று நாம் தட்டை எடுக்கக் கை நீட்டினோம். அவர்கள் தட்டின்மேல் கையை வைத்து மூடினார்கள்.

“எடுக்காதே. காப்பிக் கசப்பு.”

அந்தத் துண்டைத் தின்று முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நம் இல்லாள் அடுக்களைக்குள் போய்விட்டாள். நாம் காலணியை மாட்டிக்கொண்டு, பணிக்கு நேரமாகாத போதே படியிறங்கிவிட்டோம்.

அன்பர்களே, பிரௌனி மருந்தென்று நாம் சொல்ல வரவில்லை. மூக்கைத் திருத்தியது காலமே. அதற்கு ஓராண்டிற்கு மேலாயிற்று. முதலில் ஆறிய காப்பி, பிறகு இளஞ்சூட்டில், 2022ஆம் ஆண்டு நடுவில் சூடாகவே அருந்தினார்கள். இன்றும் மல்லிகை முன்போல் மணக்கவில்லை என்பார்கள். அவ்வோராண்டும் வாரந்தோறும் ஒரு தட்டுப் பிரௌனி நம் வீட்டில் வெந்தது. பில்டர் பரணுக்குத் திரும்பவில்லை. வீட்டில் தமக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதை அன்னையார் மீண்டும் அறிந்தார்கள். அதற்காகவே அந்த அடுப்பிற்கு நாம் கடமைப்பட்டிருக்கின்றோம்.

இன்னொரு பயனும் விளைந்தது. அது நாம் எதிர்பாராதது. இம்மன்றத்தில் ஆண்டுதோறும் ஒரு கவலை பேசப்படுகிறது. ‘பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை, பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, கடையில் மராட்டி, வீட்டில் வினாவிற்கு விடை மட்டும் தமிழ்’ என்கிறோம். நம் மகளும் அப்படியே இருந்தாள். பாட்டியோடு அடுப்படியில் நின்ற அந்த ஓராண்டில், ‘பதம்’, ‘பக்குவம்’, ‘பெருவெட்டு’, ‘இறுத்தல்’, ‘கசடு’ என்னும் சொற்கள் அவள் வாயில் இயல்பாய் வந்தன. ‘பதம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று அவளைக் கேட்டோம். சற்று எண்ணிவிட்டு, “பதம்தான் அப்பா,” என்றாள். பாடநூலை வைத்து உட்கார்த்திக் கற்பிக்க முயன்று தோற்ற நமக்கு, இது ஒரு பாடமாயிற்று. செய்வதற்கு ஒரு வேலையும், சொல்லித்தர ஒரு முதியவரும், கேட்பதற்கு ஒரு பிள்ளையும் இருந்தால், மொழி தானே வந்து நடுவில் அமர்கிறது. வேலை நம் ஊர் வேலையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சிகாகோவின் பண்டமும் போதும்.

ஆகவே சங்கத்தாரிடம் நம் வேண்டுகோள் ஒன்று. கோலப்போட்டியும் பேச்சுப்போட்டியும் நடத்துகிறோம், நல்லவை. அவற்றோடு, பாட்டியோ தாத்தாவோ ஒருவரும் பேரப்பிள்ளை ஒருவருமாக இணைந்து சமைக்கும் போட்டி ஒன்றையும் அடுத்த ஆண்டு நடத்துவோமாக. விதி ஒன்றே போதும்: அடுப்பருகே பேசுவது தமிழாக இருக்க வேண்டும்.

உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் மற்றொரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியவர், நெடுநாள் விரும்பியதொன்றைத் திடீரென விலக்கினால், கடிந்துகொள்ளாதீர்கள். என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நம்புங்கள். நாம் கேளாமற் கழித்த வாரங்களை அன்னையார் மறந்துவிட்டார்கள்; நாம் மறக்கவில்லை.

பின்வரிசை மேசைமேல் இரண்டு தட்டு பிரௌனி வைத்திருக்கிறோம். தயிரிட்டது, யாவரும் உண்ணலாம். டிகாக்ஷன் அன்னையார் இறக்கியது, சுட்டது மகள், தட்டைச் சுமந்து வந்தது நாம். சிறு பிள்ளைகளுக்கு இந்நேரத்தில் ஒரு துண்டு போதும். அதற்கு மேல் கொடுத்தால் இரவில் உறங்கவில்லை என்று நம்மைத் தேடி வராதீர்கள்.